மரிவிக்கின் நாற்பத்தாறு

மிண்டா டீச்சரைப் புதைத்த அன்று பாதிரியார் பிரசங்கம் செய்தார். மெழுகுவர்த்தியாம். தன்னை உருக்கி ஊருக்கு வெளிச்சம் கொடுத்தாராம். எந்த வாத்தியார் செத்தாலும் இதே மெழுகுவர்த்தியைத்தான் ஏற்றுகிறார்கள். எர்மிந்தா கதல்பாஸ், எங்கள் மிண்டா, மெழுகுவர்த்தி இல்லை. பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதம் என்ன, அதற்கு அவள் கொடுத்த விலை என்ன என்று கல்லறையில் ஒருத்தரும் பேசவில்லை. நான் எழுதுகிறேன்.

நானும் அவளும் ஒரே வயது. பக்கோலோட் நகரத்துக்குத் தெற்கே, கரும்புப் பண்ணையின் கூலிக் குடிசைகளில் அடுத்தடுத்த வீடு. அவள் அப்பா கரும்பு வெட்டினார். அம்மா நடவுக்காகக் கரும்பைத் துண்டு துண்டாக, விதைக்கரணையாக நறுக்கினாள். எட்டு வயதில் அவளை அத்தை ஒருத்தி பக்கோலோட்டுக்குக் கூட்டிப்போனாள். அத்தை அங்கே துணி வெளுத்தாள், மிண்டா படித்தாள். எங்கள் பண்ணைப் பள்ளிக்கே டீச்சராகத் திரும்பி வந்தபோது அவள் கையில் கரும்புத் தோகை கிழித்த தழும்பு ஒன்றுகூட இல்லை. நான் அதைச் சொல்லிக் கேலி செய்தேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பள்ளி என்றால் ஒரே அறை. தகரக் கூரை. மூன்று வகுப்பும் அதற்குள்தான். மழை பெய்தால் பாடம் நிற்கும், கூரைச் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது. சுவர் நீளத்துக்கு ஒரு கரும்பலகை. அதன் வலது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டு, கொஞ்சம் இடத்தைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தாள். அந்த இடம் தப்புக்கு.

பிள்ளைகள் பலகையில் போடுகிற கணக்கு தப்பானால், போட்ட பிள்ளையே அதை முழுசாக அந்த ஓரத்தில் எழுத வேண்டும், அது அப்படியே நிற்கும். டீச்சர் அழிக்க மாட்டாள். வேறு பிள்ளையும் அழிக்கக்கூடாது, சரியான விடையைச் சொல்லவும் கூடாது. பலகைக்குக் கீழே வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு பிள்ளையின் துணி. அப்பாவோ அம்மாவோ வயலுக்குப் போட்டுக் கிழித்த பழைய சட்டையின் கை அது. தப்பு யாருடையதோ, அவருக்கே ஒருநாள் புரியும். அன்றைக்குத் தன் துணியை எடுத்துத் தானே துடைக்க வேண்டும். ஒரு நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். அவள் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

"ஏன் தப்பாப் போட்டே" என்று அவள் கேட்க மாட்டாள். "இங்க எப்படி வந்து சேர்ந்தே?" என்பாள். காட்டில் வழி தப்பி வந்தவனிடம் கேட்பது மாதிரி. யாராவது சிரித்தால் தண்டனை உண்டு. சிரித்தவன் எழுந்து அந்தத் தப்பான விடைதான் சரி என்று வாதாட வேண்டும். முடியாமல் திணறினால் எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கலாம்.

இது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை சொன்னாள். பக்கோலோட்டில் சேர்ந்த புதிதில் பலகையில் ஏதோ கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறாள். அந்த டீச்சர் விரல் முட்டியில் மரக்கோலால் அடித்துவிட்டு, விடையை அழித்துச் சரியானதை எழுதிவிட்டார்.

"அடி ஒண்ணும் பெரிசா வலிக்கல தோனிங். நான் என்ன எழுதினேன்னு நானே பாக்குறதுக்குள்ள அழிச்சுட்டாங்க. அது என்னன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

நான் அப்போது கரும்புத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையில்தான் கூட்டம் போடுவோம். எனக்கு அந்தத் தப்பு ஓரம் பிடிக்காது. கூலிக்காரன் பிள்ளைகளுக்குக் கிடைப்பதே வருஷத்தில் சில மாதப் படிப்பு. அதில் தப்பைக் காட்சிக்கு வைப்பதா? சரியானதைச் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே என்று சண்டை பிடித்தேன். அவள் என் கையிலிருந்த துண்டறிக்கைக் கட்டைப் பார்த்தாள்.

"உன் பேப்பர்ல எல்லாமே சரியாத்தான் இருக்கு. வாங்கிட்டுப் போறவன் அதுல கருவாடு மடிக்கிறான்."

துண்டறிக்கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். 

சர்க்கரை விலை விழுந்து எங்கள் தீவே பட்டினி கிடந்ததற்கு அப்புறமான வருஷங்கள் அவை. ஆலை நின்று அடுத்த வெட்டு வரும்வரை வேலையே இல்லாத மழை மாதங்களை நாங்கள் செத்த காலம் என்போம். பள்ளி திறப்பது அந்தச் செத்த காலத்தில்தான். வயலில் வேலை இல்லாததால் அப்போதுதான் வகுப்பு நிறையும். வயிறு காலியாக, வகுப்பு நிறைவாக. மிண்டா காலையில் மரவள்ளிக்கிழங்கு அவித்து எடுத்துவருவாள். அதற்காகவே வந்த பிள்ளைகளும் உண்டு.

மரிவிக் அப்படி வந்தவள் இல்லை. ஒன்பது வயது, ஈர்க்குச்சி உடம்பு, வாய் மட்டும் பெரியவர்களுடையது. அப்பா இல்லை. அம்மா லூமெங் விதைக்கரணை நறுக்குகிறவர். வயதில் மூத்த பெண்ணை எங்கள் பக்கம் நாங் என்று சேர்த்துச் சொல்வோம். அவரை எல்லாரும் நாங் லூமெங் என்பார்கள். நடவு மாதங்களில் மரிவிக் பள்ளிக்கு வரமாட்டாள். அம்மா நறுக்குகிற கரணைகளைத் தோகையால் கட்டுவது அவள் வேலை.

அந்த வருஷம் கழித்தல் கணக்குக்கு மிண்டா ஒரு ஏற்பாடு செய்தாள். ஆற்றோரத்தில் நாணல் வெட்டி வந்து, கரணை அளவுக்கு நறுக்கி, பத்துப் பத்தாகச் சேர்த்துக் கரும்புத் தோகையாலேயே கட்டினாள். அசல் வயல் கட்டு மாதிரியே, சின்னதாக. எனக்குக் காட்டினாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நகரத்துப் புத்தகத்தில் ஆப்பிள் படம் போட்டிருக்கிறானாம், நம் பிள்ளைகள் ஆப்பிளை எங்கே கண்டார்கள், நம் வயலில் இருக்கிற பொருளை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள் என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அன்றைக்கு நான் அந்த அறையில் இருந்தேன், ஒழுகிய கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டு. ஐம்பத்திரண்டு குச்சி இருக்கிறது, பதினெட்டு போனால் மீதி என்ன? மேசையில் ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. மரிவிக் பலகையில் நாற்பத்தாறு என்று எழுதினாள்.

"இங்க எப்படி வந்து சேர்ந்தே?"

"ரெண்டுல எட்டு போகாது டீச்சர். எட்டுல ரெண்டு போகும். போறதைத்தானே கழிக்க முடியும்?"

நெஸ்தோர் என்கிற பையன் சிரித்துவிட்டான். உடனே எழுந்து வாதாட வேண்டியதாயிற்று. முழித்தான்.

"சிரிக்கத் தெரியுது, எனக்காகப் பேசத் தெரியல" என்றாள் மரிவிக். வகுப்பே அவனைப் பார்த்துச் சிரித்தது.

மிண்டா மேசைப் பக்கம் காட்டினாள். இந்த ஐந்து கட்டை வைத்து ஏதாவது செய்ய முடியுமா பார் என்றாள். மரிவிக் கட்டுகளைப் பார்த்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அது கட்டியாச்சு டீச்சர்."

களைத்துவிட்டாள் போல என்று மிண்டா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று உட்காரச் சொன்னாள். கணக்கும் அந்த நாற்பத்தாறும் மரிவிக்கின் கையெழுத்திலேயே ஓரத்துக்குப் போயின.

மற்றவர்கள் தங்கள் தங்கள் தப்பைத் துடைத்துக்கொண்டு போனார்கள். மரிவிக்கினுடையது நின்றது. தினமும் காலையில் வந்ததும் அதன் எதிரே நின்று பார்ப்பாளாம். அழுகை கிடையாது. ஒருநாள், "இன்னும் ஒத்துக்க மாட்டேங்குது" என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள், ஏதோ பிடிவாதம் பிடிக்கிற எருமையைப் பற்றிச் சொல்வது மாதிரி.

ஆகஸ்டில் எங்கள் குடிசைப் பக்கம் கொசுக்காய்ச்சல் வந்தது. மரிவிக்குக்கும் வந்தது. முதலில் சாதாரணச் சுரம் என்று கொய்யா இலை அவித்துக் கொடுத்தார்கள். பல் ஈறில் ரத்தம் கண்டபிறகு டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆற்றில் வெள்ளம். சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை அம்மாவைப் பார்த்து யார் என்று கேட்டது. மறுநாள் முடிந்துவிட்டது. சவப்பெட்டிக்குப் பலகை என் வீட்டுக் கட்டில். சின்னப் பெட்டிதான், அதற்கே போதவில்லை.

அடுத்த திங்கள் மிண்டா பள்ளியைத் திறந்தாள். பலகையில் நாற்பத்தாறு இருந்தது. ஆணியில் மரிவிக்கின் துணி, நீலக் கட்டம் போட்டது, தொங்கியது. பிள்ளைகள் இரண்டையும் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். அவள் கோட்டுக்கு இடது பக்கம் பாடத்தை ஆரம்பித்தாள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் அந்த நாற்பத்தாறைச் சுற்றித்தான் எழுதினாள்.

பிப்ரவரியில் சேதி வந்தது. சின்னப் பள்ளிகளை டவுன் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள், மேற்பார்வையாளர் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார். டவுன் பள்ளி ஆற்றுக்கு அப்பால். மழை மாதத்தில் பாதி நாள் கடக்க முடியாது. பண்ணைப் பள்ளி போனால் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானவை வயலுக்குத்தான் போகும். இதை விளக்கத் துண்டறிக்கை தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும்.

பெற்றோர்கள் கூட்டமாக வந்தார்கள். அறையைக் கூட்டினார்கள், தேங்காய் மட்டையால் தரை தேய்த்தார்கள், ஜன்னலுக்கு வாழைக்கன்று கட்டினார்கள். பிறகு எல்லாரும் அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாங் லூமெங் மட்டும் வரவில்லை. கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன்.

"அந்த ஆள் இருக்கிற நேரத்துக்கு மட்டும் துடைச்சிடு. போனதும் திரும்ப எழுதிக்க."

"திரும்ப எழுதினா அது என் எழுத்து. அவ எழுத்து இல்ல."

"பள்ளிக்கூடமே போயிடும் மிண்டா."

"தெரியும்" என்றாள்.  சாக்கட்டித் தூள் விழுந்த தரையைத் துடைக்கக் குனிந்துவிட்டாள்.

மேற்பார்வையாளர் வில்யாரோசா கெட்டவர் இல்லை. வெயிலில் நடந்தே வந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் பாடியதும் தொப்பியைக் கழற்றினார். அவித்த வாழைக்காய் கொடுத்தோம், பிள்ளைகளோடு உட்கார்ந்து தின்றார். வாசிக்கச் சொன்னார், நன்றாகவே வாசித்தார்கள். அப்புறம் பலகையைப் பார்த்தார். பார்த்தபடியே வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"இது எப்ப போட்ட கணக்கு?"

"மழைக்காலத்துல, சார்."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தன் முறையை விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு பிள்ளைக்கு இத்தனை மாதமாக ஒரு கழித்தல் வரவில்லை என்றால் அது பிள்ளையின் குறையா, முறையின் குறையா என்றார். நியாயமான கேள்விதான். பிறகு அந்தப் பிள்ளையை எழுந்திருக்கச் சொன்னார்.

"அவ இன்னைக்கு வரல, சார்."

 பிள்ளைகள் எல்லாம் தரையைப் பார்த்தன. நெஸ்தோர் மட்டும் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். மிண்டா அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

அவர் புறப்பட்டதும், வெளியே ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் அவர் பின்னாலேயே போகக் கிளம்பினேன். செத்த பிள்ளையின் எழுத்து சார் அது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷன் கலங்கிப்போவார். மிண்டா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொன்னா என்ன ஆகும்? பாவம்னு விட்டுடுவார். டீச்சருக்குத் துக்கம், அதான் அழிக்கலன்னு எழுதிக்குவார். அவ உயிரோட இருந்திருந்தாலும் அது அங்கதான் இருந்திருக்கும் தோனிங். அதை நான் எப்படிச் சொல்றது? செத்த புள்ளையைக் காட்டி நான் பள்ளிக்கூடம் கேக்கமாட்டேன்."

மார்ச்சோடு பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. மிண்டாவை டவுன் பள்ளிக்கு மாற்றினார்கள். பண்ணைக்காரன் கட்டடத்தை உரக் கிடங்காக எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். நிலம் அவனுடையது. சில பெற்றோர்கள் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஒரு கணக்கை அழித்திருந்தால் தங்கள் பிள்ளை படித்திருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். அது பொய் என்று அடித்துச் சொல்ல என்னாலும் முடியாது.

கடைசி நாள் பெஞ்சுகளை எருமை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் வந்து அவரவர் துணியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. நீலக் கட்டம் மட்டும் தொங்கியது. மத்தியானத்துக்கு மேல் நாங் லூமெங் வயலிலிருந்து நேரே வந்தார். தலையில் துண்டு, கையில் கரணைக் கத்தி. மகள் செத்தபிறகு அவர் அந்த அறைக்குள் கால் வைத்தது அன்றுதான். துணியை எடுக்க வந்தவர் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். எழுத்து தெரியாது, எண் தெரியும்.

"இதான் அவ போட்டதா?"

"ஆமா, நாங்."

"இதுல என்ன தப்பு?"

மிண்டா பெட்டியிலிருந்து நாணல் குச்சிகளை எடுத்தாள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. மேசை வண்டியில் ஏறிவிட்டதால் தரையிலேயே வைத்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஐம்பத்திரண்டு இருக்கிறது, இதில் பதினெட்டை எனக்குக் கொடுங்கள் என்றாள். நாங் லூமெங் ஒரு கட்டைத் தூக்கி அவள் பக்கம் வைத்தார். இரண்டு உதிரியையும் வைத்தார். நிறுத்தினார்.

"இன்னும் ஆறு வேணும்."

"எடுத்துக்கங்க."

"எதுலேர்ந்து எடுக்கிறது? மீதியெல்லாம் கட்டினது."

"ஒரு கட்டை அவிழ்த்துக்கலாமே, நாங்."

நாங் லூமெங் கையைச் சட்டென்று மடிக்கு இழுத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கையைப் பார்த்ததும் மரிவிக் ஞாபகம் வந்தது. மிண்டாவுக்கும் வந்திருக்க வேண்டும், முகம் மாறியது.

"கட்டினதை அவிழ்க்கிறதா? நல்லா இருக்கே. கட்டு எண்ணிக் கூலி போடுற காபோ அவிழ்த்ததை எண்ணுவானா? கூலி போச்சே. ஒருதடவை முடிச்சு சரியில்லன்னு இவ ஒண்ணை அவிழ்த்துட்டா. கரணை அத்தனையும் சேத்துல. கையிலயே ரெண்டு போட்டேன். அதுக்கப்புறம் கட்டினதை அவ தொடவே மாட்டா டீச்சர், சொன்னாக்கூடத் தொடமாட்டா." டீச்சரை நிமிர்ந்து பார்த்தார். "உங்கம்மாவும் இதைத்தானே சொல்லி வளர்த்திருப்பாங்க? அவங்களும் எங்களோட நறுக்கினவங்கதானே."

மிண்டா குச்சிக்கட்டு ஒன்றைக் கையில் எடுத்து, தான் போட்ட முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எருமை காலை மாற்றிக்கொண்டது. நான் பெஞ்சை இறக்கி வைத்துவிட்டு நின்றேன்.

"அவ சொன்னா" என்றாள் கடைசியில். "கட்டியாச்சு டீச்சர்னு சொன்னா. எங்கிட்ட வழியைச் சொல்லிட்டா. நான்தான் அதுக்கு மேல கேக்கல."

நாங் லூமெங்குக்கு அது முழுசாகப் புரியவில்லை. ஆனால் எதிரே இருப்பவள் அழுகிறாள் என்பது புரிந்தது. எழுந்துபோய் நீலத் துணியை ஆணியிலிருந்து எடுத்துவந்து நீட்டினார்.

"துடைச்சிடுங்க டீச்சர். அவ பேரைச் சொல்லித் துடைச்சிடுங்க."

"அவ துணி வேணாம், நாங். தப்பு அவளோடது இல்ல."

மிண்டாவுக்கு ஆணியில் துணி கிடையாது. அத்தனை வருஷத்தில் அவளுக்கென்று ஒன்று மாட்டத் தோன்றியதில்லை, அவளுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. எழுந்தாள். சட்டைக் கையை மணிக்கட்டுக்கு இழுத்து, உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, நாற்பத்தாறைத் துடைத்தாள். மேலே இருந்த ஐம்பத்திரண்டையும் பதினெட்டையும், நடுவில் இருந்த கோட்டையும் தொடவில்லை.

"சரியானதை எழுதலையா?" என்று நாங் லூமெங் கேட்டார்.

"அதை நான் எழுதக்கூடாது."

நாங் லூமெங் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டு வயலுக்குத் திரும்பினார். பொழுது இருந்தது, இன்னும் கொஞ்சம் நறுக்கலாம்.

அந்த ஜூனில் ஆற்றைக் கடந்து டவுன் பள்ளிக்குப் போனவர்கள் கொஞ்சம் பேர். நெஸ்தோர் போகவில்லை. அவன் உரம் வீசப் போனான். மிண்டா டவுனில் ஓய்வுபெறும்வரை இருந்தாள். அங்கே பலகையில் ஓரம் பிரிக்கவில்லை, ஆணி அடிக்கவில்லை. மணி அடித்ததும் எல்லாரையும் போல அழித்தாள். ஆனால் பாடத்துக்கு எந்தப் பொருளைக் கொண்டுபோனாலும், அது சோளமோ கல்லோ நூலோ, முதலில் பிள்ளைகளிடம் கேட்பாளாம்: "இதை என்ன பண்ணக்கூடாதுன்னு உங்க வீட்டுல சொல்லுவாங்க?" டவுன் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. சோளத்தை மிதிக்கக்கூடாது, நூலைப் பல்லால் கடிக்கக்கூடாது என்று ஆளுக்கொன்று கத்துவார்கள். கிழவிக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் பாடத்தை ஆரம்பிப்பாளாம்.

ரொம்ப வருஷம் கழித்து உர மூட்டை தூக்குகிறவர்களைப் பார்க்க, கிடங்காகிவிட்ட எங்கள் பழைய பள்ளிக்குப் போயிருந்தேன். மூட்டைகளுக்குப் பின்னால் பலகை அப்படியே இருந்தது. மற்ற எழுத்தெல்லாம் மூட்டை உரசிப் போய்விட்டது. அந்த ஓரத்தில் மட்டும் ஐம்பத்திரண்டு, பதினெட்டு, ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு இழுப்பு. டவுனுக்குப் போனபோது அவளிடம் சொன்னேன். அப்போதே அவளுக்கு உடம்பு சரியில்லை, கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"துடைச்ச இடம் தெரியுதா?"

"தெரியுது."

"நல்லாத் துடைக்கல போல" என்றாள். பிறகு அடுப்பில் சோறு இருக்கிறது, போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.